குத்தக்கூடாத முள்ளம்பன்றி

இருவரும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறை சிங்க்கின் அடைப்பை எடுத்தது. சனிக்கிழமை காலை. மகள் தரையில் மல்லாந்து, சிங்க்குக்கு அடியில் தலையை நுழைத்து, ஸ்பேனரோடு காத்திருந்தாள். அப்பா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, குழாய் கம்பெனியின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு நட்டுதான். கழட்டிடறேன்."

"இரும்மா. எச்சரிக்கைகள்னு தனியா ஒரு பக்கம் போட்டிருக்கான்."

"மூஞ்சில தண்ணி சொட்டுது."

"அதுவும் போட்டிருக்கான். நாலாவது பாயிண்ட்."

அடைப்பு எடுக்கக் கால் மணி நேரம், கையேட்டுக்கு முக்கால் மணி நேரம். மறுநாள் மதியம், கடைக்குப் போகச் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இதயம் என்றார் மருத்துவர். ஐம்பத்தொன்பது வயது. முன்னறிவிப்புக் கடிதம் இல்லாமல் அவர் செய்த காரியம் அது ஒன்றுதான்.

குண்டூசி என்று ஒரு முள்ளம்பன்றி உண்டு. ஆரஞ்சு நிறம், வட்டக் கண், ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான கார்ட்டூன். பன்னிரண்டு நிமிடம், ஒரு பாட்டு, ஒரு நீதி. அதன் உரிமையை வைத்திருந்த கம்பெனியில் அப்பா இருபத்திரண்டு வருடம் ஒப்புதல் அலுவலர். பற்பசை, பள்ளிப் பை, ஜட்டி, வீடியோ கேம் என்று எதில் குண்டூசியைப் போடுவதானாலும் உரிமம் வாங்க வேண்டும். வாங்கிய பிறகு ஒவ்வொரு படமும் அவர் மேசைக்கு வரும். அவர் முட்களை எண்ணுவார். இருபத்து நான்கு. இருபத்து மூன்று இருந்தால் திரும்பிப் போகும். இருபத்தைந்து இருந்தாலும் போகும்.

விதிப் புத்தகம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். குண்டூசி வாயை மூடிக்கொண்டு மெல்லுவான். குண்டூசிக்கு முதுகு அரிக்காது. குண்டூசி படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடிப்பான். முப்பத்தாறாம் விதி: குண்டூசியின் முள் யாரையும், எதையும், எக்காரணம் கொண்டும் குத்தாது. இப்படி ஒரு கம்பெனி வருமென்று தெரிந்திருந்தால், முள்ளம்பன்றியைப் படைத்தவன் முயலோடு நிறுத்தியிருப்பான்.

மகள் கேம் எழுதும் ஸ்டூடியோவில் புரோகிராமர். பத்துப் பேர், ஒரு ஏசி. முதலாளி ஒருநாள் குண்டூசிக்கு கேம் உரிமம் வாங்கிவிட்டு வந்து எல்லோருக்கும் கைகொடுத்தார். அவளும் கை கொடுத்தாள். ஒப்புதல் மேசையில் இருப்பது யார் என்று சொல்லவில்லை.

கேம் எளிமையானது. குண்டூசி குதிப்பான், முள்ளால் பலூனை வெடிப்பான். முப்பத்தாறாம் விதிப்படி திரும்பி வந்தது. மூன்று முறை வந்தபின், பலூன்கள் குண்டூசியைப் பார்த்த சந்தோஷத்தில் தாமாகவே வெடித்தன, ஒப்புதல் கிடைத்தது. குண்டூசி பள்ளத்தில் விழக்கூடாது, இறங்கலாம் என்று அடுத்த கடிதம். பள்ளங்களுக்கெல்லாம் படிக்கட்டு வந்தது. படிக்கட்டுக்குக் கைப்பிடி வந்தது. தோற்றுப்போனால் சாகவும் கூடாது, களைக்கவும் கூடாது. உட்கார்ந்து யோசித்தான்.

ஸ்டூடியோவில் அப்பாவுக்கு முள்ளுக்காரர் என்று பெயர் வைத்தார்கள். அவர் யாருடைய அப்பா என்று ஒருவருக்கும் தெரியாது.

"யாருய்யா அந்த முள்ளுக்காரன்?" என்பார் முதலாளி. "வீட்டுல மனுஷங்களோட பேசுவானா, இல்ல அங்கேயும் சர்க்குலர்தானா?"

மகள் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டிலும் சர்க்குலர்தான். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும்.

உறவை அவர் மறைக்கவில்லை. உரிமம் வாங்கிய ஸ்டூடியோவில் மகள் இருப்பதைத் தன் மேலதிகாரியான பிராண்ட் மேடத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்தார். மேடம் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மேடம் எதையும் படிப்பதில்லை. ஒருமுறை டீ பட்டியலில் 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதி முத்திரையும் குத்தியவர்.

'மதிப்பிற்குரிய உரிமதாரர் அவர்களுக்கு' என்று மாலை நான்கு மணிக்கு மின்னஞ்சல் வரும். ஏழு மணிக்கு அதே ஆள் எதிரில் உட்கார்ந்து, "உப்பு போதுமாம்மா?" என்பார்.

பிறகு தொப்பி வந்தது. முதலாளியின் மூளையில் உதித்தது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் குண்டூசி குழந்தையைத் திரும்பிப் பார்ப்பான். கண் கலங்கும். "எனக்கு ஒரு தொப்பி வாங்கித் தருவியா?" கீழே பட்டன். அமுக்கி வாங்கும்வரை அழுகை நிற்காது.

"குழந்தை அழுதா அப்பன் யோசிப்பான்," என்று முதலாளி விளக்கினார். "குண்டூசி அழுதா குழந்தை சேர்ந்து அழும். ரெண்டு பேர் அழுதா அப்பன் என்ன பண்ணுவான், சொல்லு?"

தொப்பி இல்லாவிட்டால் பத்துப் பேரில் ஐந்து பேருக்கு வேலை இருக்காது என்றும் சொன்னார். அந்தக் கண்ணீரை எழுதியது மகள். இரண்டு வாரம். இமையில் தேங்கி, நடுங்கி, உருளும். நல்ல கண்ணீர்.

திரும்பி வந்தது. 'எண்பத்தெட்டாம் விதி: குண்டூசி குழந்தையிடம் எதையும் கேட்கமாட்டான். பக்கம் இணைக்கப்பட்டுள்ளது.' ஒற்றைக் கண்ணில் அழவைத்தார்கள். சிரித்துக்கொண்டே கேட்கவைத்தார்கள். கேட்காமல் தொப்பிக் கடை முன்னால் சும்மா நிற்கவைத்தார்கள். ஏழு முறை போய் ஏழு முறையும் வந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவளால் வாயை அடக்க முடியவில்லை.

"எண்பத்தெட்டை யாருப்பா எழுதினது?"

"வீட்டுல ஆபீஸ் பேச்சு வேணாம்மா."

"சர்க்கரைத் தண்ணி பாட்டில்ல அவனைப் போட ரெண்டே நாள்ல கையெழுத்துப் போட்டீங்க. குடிச்சுக் குடிச்சுப் பிள்ளைங்களுக்குப் பல்லு போகுது. ஒரு தொப்பிக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"பாட்டில்ல முள்ளு சரியா இருந்துச்சு."

"வெட்கமா இல்லையாப்பா, இப்படிச் சொல்ல?"

அவர் வாயை மூடிக்கொண்டு மென்றார். விழுங்கிய பிறகு சொன்னார்: "அதை நிறுத்த விதி இல்லம்மா. ரெண்டு நாளும் தேடினேன்."

அவர் இறந்த பிறகு, புதன்கிழமை காலையில்தான் மகள் அவருடைய ஆபீஸ் பையைத் திறந்தாள். கழுவிய சாப்பாட்டு டப்பா. சிவப்புப் பேனா மூன்று. விதிப் புத்தகத்தின் மூலப் பிரதி, வளையக் கோப்பில். எண்பத்தேழு. எண்பத்தொன்பது. நடுவில் ஒரு பக்கம்: '88. இந்த எண் பயன்பாட்டில் இல்லை.'

அவள் மூன்று முறை பார்த்தாள். பிறகு கோப்பின் உறையில் தனியே ஒரு தாள் கிடைத்தது. எண்பத்தெட்டாம் விதி, அதே எழுத்துரு, அதே ஓர இடைவெளி. தட்டச்சு செய்த தேதி, கண்ணீர் முதல்முறை அவர் மேசைக்குப் போன மறுநாள். கீழே 'அனுமதித்தவர்' என்று மேடம் கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

கையெழுத்து இல்லாத விதி, விதி இல்லை. அப்படியானால் ஏழு நிராகரிப்பும் செல்லாது. புத்தகத்தை அவரைத் தவிர யாரும் படிக்காததால், இல்லாத விதியை எடுத்து வீசி ஒரு ஸ்டூடியோவையே மாதக்கணக்கில் நிறுத்திவைத்திருந்தார் மனுஷன். அவள் தாளை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தாள். அம்மா உள்ளே இருந்து ஓடிவந்து பார்த்தபோது அது சிரிப்பாக இல்லை.

மதியம் முதலாளி துக்கம் விசாரிக்க வந்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். பக்கத்து அலமாரியில் வரிசையாக ஆரஞ்சு பொம்மைகளைப் பார்த்தார். உரிமம் வாங்கிய மீட்டிங்கில் ஓரமாக உட்கார்ந்திருந்த முகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இவரு... அந்த..."

"ஆமா சார். முள்ளுக்காரர்."

அம்மா தண்ணீர் கொடுத்தார். முதலாளி முழுவதையும் ஒரே மடக்கில் குடித்தார். "ரொம்பக் கறாரான மனுஷர்," என்றார்.

"என்னையே மூணு திருத்தம் சொல்லித்தான் கட்டிக்கிட்டாரு," என்றார் அம்மா.

நான்கு நிமிடம் தாங்கினார் முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, இந்த நேரத்துல கேக்கக்கூடாது. இனிமே அவரு சீட்டுக்கு யாரு வருவாங்க? அந்த எண்பத்தெட்டை அவங்க கொஞ்சம்..."

உண்மையைச் சொன்னால் கண்ணீர் இந்த வாரமே கடைக்குப் போய்விடும். அவள் வேலையும் இன்னும் நான்கு பேரின் வேலையும் தப்பும். பை நாற்காலிக்கு அடியில், ஜிப் திறந்தபடி இருந்தது. அவள் குதிகாலால் அதை இன்னும் உள்ளே தள்ளினாள்.

"புத்தகத்துல இருக்கே சார். ஆள் மாறினா விதி மாறுமா?"

முதலாளி போனபின் தாளை மறுபடி எடுத்தாள். பின்பக்கம் ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. அப்பா கைப்பட எழுதியது, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, சனிக்கிழமைத் தேதி போட்டு.

'திங்கள், காலை 11. மேடம் கையெழுத்து. மற்ற ஃபைல்களுக்கு நடுவில் வைக்கவும். பேனா கொண்டுபோகவும், அவரிடம் இருக்காது.'