ஒட்டாத காந்தம்

எங்கள் பக்கத்தில் யாராவது பழைய டிராக்டர், லோடு வண்டி வாங்கப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். எனக்குச் சொந்த ஊர் பரளச்சி, பிழைப்பு அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம். நூலுக்கும் டிராக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. ஒருமுறை சொந்தக்காரர் ஒருவர் வாங்க இருந்த லோடு வண்டியின் கதவு முழுக்கப் பட்டி என்று கண்டுபிடித்துச் சொன்னேன். நசுங்கிய தகரத்தின் மேல் அப்பி, காயவைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்து மறைக்கிற பசைக்குப் பட்டி என்று பெயர். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று என்னிடம் இருந்தது. தகரத்தில் வைத்தால் பிடிக்கும், கனமான பட்டியில் வைத்தால் கீழே விழும். வித்தை அவ்வளவுதான். அன்றைக்கே நான் வண்டி பார்க்கிற ஆளாகிவிட்டேன்.

அந்தப் பட்டம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நூல் கடையில் யாரும் என்னை எழுந்து நின்று வரவேற்பதில்லை. பழைய வண்டி பார்க்கப் போனால் நாற்காலி போடுவார்கள், குடிக்கக் கலர் வாங்கிவரச் சொல்வார்கள். நான் சட்டைப்பையிலிருந்து துணி சுற்றிய காந்தத்தை எடுக்கும்போது விற்கிறவன் முகம் மாறும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

மற்றவர்களுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவன் எனக்காகவே ஒரு கார் பார்க்கப் போனது ஐம்பது தாண்டிய பிறகு. பரளச்சிக்குப் பக்கத்து ஊரான வீரசோழனில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு இருக்கிறது என்று மைத்துனன் போனில் படம் அனுப்பினான். சிவப்பு நிறம். இரண்டு கதவு, இரண்டே இருக்கை, மேலே கழற்றி மாட்டுகிற துணிக்கூரை. நம் நாட்டிலேயே கொஞ்ச காலம் மட்டும் செய்து நிறுத்திவிட்ட வண்டி. மதுரையில் கல்லூரி படிக்கும்போது ஒரு ஓட்டல் வாசலில் இதே கார் நின்றதைப் பார்த்து, பஸ்ஸை விட்டுவிட்டு அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். மனைவியிடம் படத்தைக் காட்டினேன்.

"ரெண்டு பேரு உக்காரலாம், சரி. பிள்ளைகளை டிக்கியிலயா போட்டுக் கொண்டுபோவீக?" என்றாள். ஆனாலும் போனேன்.

விற்கிறவர் வளைகுடாவில் இருபது வருஷம் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு ஊர் திரும்பியவர். அறுபது வயதிருக்கும். பஸ் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு டிங்கரிங், பெயிண்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பரளச்சி டிராக்டர்கள் எல்லாம் அவரிடம்தான் நிறம் மாறி வரும். இந்தக் காரை எங்கோ ஒரு பழைய இரும்புக் கடையில் உடைக்கிற நிலையில் பார்த்து, வாங்கிவந்து, மூன்று வருஷம் தன் கையாலேயே சரிசெய்திருக்கிறார். இப்போது கொட்டகைக்குப் பக்கத்தில் பெயிண்ட் காயவைக்கிற அறை கட்ட வேண்டும், அதற்காக விற்கிறார்.

நானும் மைத்துனனும் போய்ச் சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் போய்விட்டு வந்து காட்டுகிறேன் என்றவர், அதற்குள் சாப்பிட்டுவிடுங்கள் என்று வீட்டில் உட்காரவைத்துவிட்டுப் போனார். நெய்ச்சோறும் தாளிச்சாவும் போட்டார்கள். நான் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

தொழுகை முடிந்து அவர் வந்தபோது தெருவே கூட வந்தது. காரின் மேலிருந்த தார்ப்பாயை விலக்கினார். சொல்வதற்கென்ன, உடனே ஏறி உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் வாங்க வந்தவன் ஆசையை முகத்தில் காட்டக்கூடாது. மாடானாலும் மோட்டாரானாலும் நாலு பேருக்கு முன்னால் குறை சொல்ல வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாங்குகிறவன் சொல்லுவான், விற்கிறவன் மறுப்பான், நடுவில் விலை தானாக ஒரு இடத்துக்கு வந்து நிற்கும். குறை சொல்லாமல் வாங்கிவந்தவனை ஊரில் ஏமாளி என்பார்கள்.

அதனால் முறைப்படி தொடங்கினேன். ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. ஆயில் மூடியைத் திறந்து உள்ளே வெள்ளை நுரை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பின்னால் போய் நின்றேன். புகையில் நீலம் இல்லை. டயரில் நகத்தை வைத்து அழுத்தினேன். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த சேசிஸ் நம்பரையும் வண்டியில் இருந்ததையும் ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தன.

அவர் பாட்டுக்குக் குறைகளைத் தானே சொல்லிக்கொண்டு வந்தார். "கிளட்ச் பிளேட்டு மாத்தணும் தம்பி. மூணாவது கியரு கொஞ்சம் பிடிச்சு விழும். மழை பெய்ஞ்சா மேல் துணியில தண்ணி இறங்கும். நம்ம பக்கம் மழை எங்கன பெய்யுது?"

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குக் கண்டுபிடிக்க இந்த மனிதர் ஒன்றும் மிச்சம் வைக்க மாட்டார் போலிருக்கிறதே என்று எரிச்சல்தான் வந்தது. நான் வண்டி பார்க்கிற ஆள். இவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் நான் எதற்கு?

காந்தத்தை எடுத்தேன்.

முன் மூடியில் வைத்தேன். பிடிக்காமல் வழுக்கி என் கைக்கே வந்தது. இடது பக்கத்தில் வைத்தேன், பிடிக்கவில்லை. கதவில் வைத்தேன். பின்னால் டிக்கியில் வைத்தேன். எங்கேயும் பிடிக்கவில்லை. கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை.

"தம்பி, அது வந்து..." என்று அவர் ஆரம்பித்தார்.

நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். "பாத்தீகளா? வண்டி முழுக்கப் பட்டி. தகரம் ஒரு விரக்கடைகூட இல்ல. பாய் பட்டியிலயே ஒரு காரு செஞ்சு நிப்பாட்டியிருக்காக!"

கூட்டம் மறுபடி சிரித்தது, இந்த முறை எனக்காக. அவர் வாயைத் திறந்தார், கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் தார்ப்பாயை எடுத்து மூடத் தொடங்கினார். மறுத்துப் பேசாததால் அது உண்மைதான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். முதலில் எடுத்துக்கொண்டவன் நான்.

மூன்று நாள் கழித்துக் கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். அதே காரைச் சரிசெய்கிற ஒருவரின் வீடியோ வந்தது. அவர் கதவை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். டொக்கு டொக்கென்று சத்தம். இந்தக் காரின் உடம்பு கம்பெனியிலிருந்து வரும்போதே முழுக்க ஃபைபர், கீழே இருக்கிற சட்டம் மட்டும்தான் இரும்பு என்றார்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். கடையில் யாருமில்லை, ஆனாலும் முகம் சுட்டது. டிராக்டரும் லோடு வண்டியும் தவிர வேறெதையும் தொட்டுப் பார்க்காதவன், உலகத்தில் வண்டி என்றால் இரும்புதான் என்று முடிவுகட்டி, சோறு போட்ட மனிதரை அவர் தெருவிலேயே வைத்துத் திருடன் ஆக்கிவிட்டு வந்திருக்கிறேன். உடனே போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். நாளைக்குப் போகலாம் என்றும் நினைத்தேன். இரண்டு நாள் அப்படியே போயிற்று.

அதற்குள் மைத்துனன் வந்தான். "மச்சான், நீங்க சொன்னது சுத்துவட்டாரம் பூரா பரவிப்போச்சு. மதுரையில இருந்து காரு பாக்க வந்த ஆளு பஸ் ஸ்டாப்புலயே கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாராம். அந்தக் காரு இனி போகாது."

அவனிடம் அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கார் போகாது என்றால் விலை இறங்கும் என்று என் மனம் கணக்குப் போட்டுவிட்டது. தெரியாமல் பேசியது ஒரு தப்பு. தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதம் பொறுத்து மைத்துனனையே அனுப்பினேன். பட்டி வண்டியானாலும் பரவாயில்லை, ஆசைக்கு வாங்கிக்கொள்கிறார் என்று சொல்லச் சொன்னேன். பாதி விலைக்கு முடிந்தது. மனசில் எங்கேயோ ஒரு மூலையில், நாம் உதவிதானே செய்கிறோம் என்றுகூட எண்ணிக்கொண்டேன்.

காரை எடுக்கப் போன அன்று தெருவில் யாரும் கூடவில்லை. கொட்டகையில் டிராக்டர் ஒன்றும் இல்லை. தார்ப்பாயை விலக்கிவிட்டு அவர் ஓரமாக நின்றார். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நான் கதவுக் கீல் இருக்கிற இடத்தையும் விளக்கைச் சுற்றிய ஓரங்களையும் விரலால் தடவிப் பார்த்தேன். ஃபைபர் அங்கேதான் மயிரிழையாக வெடிக்கும் என்று அந்த வீடியோவில் சொல்லியிருந்தார்கள். பிறகு மண்ணில் மல்லாந்து படுத்து, அடியிலிருந்த இரும்புச் சட்டத்தை ஸ்பானரால் தட்டித் துரு உதிர்கிறதா என்று பார்த்தேன். எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, காந்தம் கொண்டாரலையா?"

குத்தலாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். என் கை தன்னால் சட்டைப்பைக்குப் போயிற்று. பை காலியாக இருந்தது. பட்டி வண்டி வாங்க வந்தவன் பட்டியைத் தேடவில்லை, ஃபைபர் வெடிப்பைத் தேடியிருக்கிறேன். நான் எதைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன் என்பதை நானே அவர் கண்ணெதிரில் படுத்துப் புரண்டு காட்டிவிட்டேன்.

"மறந்துட்டேன் பாய்" என்றேன். அந்த நேரத்திலும் ஒரு பொய்.

"அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்றார். "நாலு பேரு முன்னால நீங்க அப்பிடிச் சொல்லிட்டீக. நான் இது ஃபைபருன்னு சொன்னா மொத்தச் சனமும் உங்களைப் பாத்துச் சிரிச்சிருக்கும். நம்ம வீட்டுல கை நனைச்சிட்டு வந்து நிக்கிற மனுசன். சரி, அப்பறமா தெரிஞ்சுக்கிட்டு நீங்களே கூப்புடுவீகன்னு இருந்தேன்."

முதலில் சொன்ன விலையையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் கையை ஆட்டினார்.

"பேசுனது பேசுனதுதான். வெலைய விடுங்க. பெறகு நானும் எல்லாருகிட்டயும் ஃபைபருன்னு சொல்லிப் பாத்தேன். பிளாஸ்டிக்குலயா காரு செய்வாகன்னு கேட்டுச் சிரிக்கிறாக. பரளச்சி வண்டி ஒண்ணுகூட வரமாட்டேங்குது தம்பி. நீங்க சொன்னா கேப்பாக. அத மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுங்க."

சாவியைத் துணியில் துடைத்துக் கொடுத்தார். வெயிலில் போடாதீர்கள், ஃபைபர் வெளுத்துவிடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

நேராகப் பரளச்சிக்குத்தான் ஓட்டினேன். டீக்கடை முன்னால் காரை நிறுத்தி, கதவைத் தட்டிக் காட்டி, இது பட்டி இல்லை, ஃபைபர், நான்தான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். பெஞ்சில் இருந்த ஒருவர் டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "இப்ப உங்க வண்டியாச்சே. அப்பிடித்தான் சொல்லணும்." இன்னொருவர், நாளைக்கு விற்க வேண்டுமே பாவம் என்றார். நான் இரண்டாவது தடவையும் சொன்னேன். குரல் உயர்ந்ததுதான் மிச்சம். வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது எடுபட்டிருக்கும். வாங்கிய பிறகு அது வியாபாரப் பேச்சாகிவிட்டது.

என் நூல் மூட்டை ஏற்றுகிற வேனுக்கு அவரிடமே பெயிண்ட் அடித்தேன். அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கார் என் குடோனில் நிற்கிறது. வீரசோழன் பக்கம் அதை ஓட்டிக்கொண்டு போக எனக்குத் துணிச்சல் இல்லை. மனைவி ஒருநாள் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு, ஏன் மூடியே வச்சிருக்கீக என்று கேட்டாள். அவளிடமும் முழுக்கச் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாக முழுக்க எழுதுகிறேன்.

இத்தனைக்கும் என் பேருக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. போன வாரம்கூட ஊரிலிருந்து ஒரு பங்காளி வந்து பழைய டிராக்டர் பார்க்கக் கூட்டிப்போனார். காந்தம் வைத்துப் பார்த்தேன், நல்ல வண்டி, வாங்கலாம் என்றேன். பெயிண்ட் மட்டும் மங்கியிருந்தது, எங்கே கொடுக்கலாம் என்று கேட்டார். வீரசோழனில் கொடுங்கள், அவரைப்போல் சுத்தமான வேலை இந்த வட்டாரத்தில் யாரும் செய்ய மாட்டார்கள் என்றேன்.

பங்காளி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"யாரு, அந்தப் பட்டி பாய்கிட்டயா? அவுக ஏமாத்துக்காரருன்னு நீங்கதானே சொன்னீக?"