வித்தாச்சு என்று சொன்னேன்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். கட்டின புருஷனே நம்பவில்லை. நீங்கள் நம்பி எனக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் இது நடந்தது. எனக்கு நடந்தது. நேரங்களைக்கூட அன்று அவர் எடுத்த போட்டோக்களைப் பார்த்துச் சரிபார்த்துத்தான் சொல்கிறேன்.

என் பெயர் மஸ்துரா. பஞ்சர்மாசின் என்ற ஆற்றோர ஊர்க்காரி. மார்த்தபுரா ஆற்றின் மிதக்கும் சந்தையில், அம்மாவின் காய்கறித் தோணியில் வளர்ந்தவள். இருபத்து மூன்று வயதில் ஹெந்த்ரோவைக் கட்டிக்கொண்டு, கடல் தாண்டி, சுரபாயா நகரத்துக்குப் போனேன். பதினோரு வருடம் அந்த ஆற்றுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஜூலை மாதம், அவரையும் நான்கு வயது மகள் நதீபாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தங்கியது ஓட்டலில். சந்தைக்குப் போனது சுற்றுலா வந்தவள் மாதிரி, மோட்டார்ப் படகில், கழுத்தில் கேமரா தொங்கும் புருஷனோடு. வெட்கக்கேடுதான்.

படகு என் சித்தப்பா மகன் ஜுஹ்ரியுடையது. விடியற்காலைத் தொழுகை முடிந்து 5.25க்குக் கிளம்பினோம்.

"டூரிஸ்ட் ரேட்டா, சொந்தக்கார ரேட்டா அக்கா?" என்றான்.

"வாயை மூடிட்டு ஓட்டுடா."

நதீபாவுக்கு அன்றுதான் புது மஞ்சள் செருப்பு. படகு ஓடிய நேரமெல்லாம் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பெறுவதற்குள் எனக்கு இரண்டு கரு கலைந்திருந்தது. அதனால் அவளைக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துவைத்துக்கொள்வேன். அந்தப் பிடியைப் பார்த்து ஹெந்த்ரோ கேலி செய்வார்.

6.10க்குச் சந்தை. வழக்கம்போல நாலா பக்கமும் தோணிகள் வந்து எங்கள் படகின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டன. ஓலைத் தொப்பி, வெயிலுக்காக முகத்தில் அரிசி மாவுப் பூச்சு, ஆரஞ்சு, கீரை, சுடச்சுட வாழைப்பழ பஜ்ஜி. முதலில் என்னைக் கண்டுபிடித்தது ஹம்சியா சித்தி. அம்மாவின் தோணிக்குப் பக்கத்துத் தோணிக்காரி.

"அடடே, சுரபாயா மகாராணி. எங்களையெல்லாம் அடையாளம் தெரியுதா?"

"உன் குரல் அடுத்த ஊருக்கே கேக்குது சித்தி. தெரியாமப் போகுமா?"

ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் கையில் வைத்தாள். "வித்தாச்சு" என்றாள். "வாங்கியாச்சு" என்றேன். பதினோரு வருடம் கழித்தும் வாய் மறக்கவில்லை.

எங்கள் சந்தையில் பொருள் கைமாறினால் மட்டும் வியாபாரம் முடியாது. கொடுப்பவர் "வித்தாச்சு" சொல்ல வேண்டும், எடுப்பவர் "வாங்கியாச்சு" சொல்ல வேண்டும். பண்டமாற்றுக்கும் இதே சொல்தான். இரண்டு பேரும் சொன்னால் முடிந்தது. யாரும் பின்வாங்க முடியாது.

பக்கத்துத் தோணியில் ஒரு பெண் மடியில் கைக்குழந்தையோடு கீரை விற்றாள். கீரைக் கட்டை நீட்டுவதற்கு முன், குழந்தையை எடுத்துத் தோணியின் தரையில் கிடத்தினாள். அப்புறம்தான் "வித்தாச்சு" என்றாள்.

"ஏன் பிள்ளையைக் கீழ போடுறாங்க?" என்றார் ஹெந்த்ரோ.

"பிள்ளையப் பிடிச்சுக்கிட்டு அந்த வார்த்தையச் சொல்லக் கூடாதாம். பிள்ளையும் வியாபாரத்துல சேர்ந்துடுமாம்." நான் சிரித்தேன். "பழைய பஞ்சாங்கம்."

ஹம்சியா சித்தி சிரிக்கவில்லை. "உங்கம்மா உன்னைக் கீழ வச்சுட்டுத்தான் சொல்லுவா. அதான் நீ இன்னிக்கு உக்காந்து சிரிக்கிறே" என்றாள்.

6.30க்கு ஹெந்த்ரோ சூரியன் வருவதைப் படம்பிடிக்கப் படகின் கூரைமேல் ஏறினார். ஜுஹ்ரி இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்பக்கம் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். படகு ஆற்றோடு மெல்ல நகர்ந்து, கூட்டத்தைவிட்டுக் கொஞ்சம் விலகியது. முன்பக்க விளிம்பில் நான். என் மடியில் நதீபா, வெளியே காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

பனி இருந்தது. அடர்த்தி ஒன்றும் இல்லை. கரை தெரிந்தது.

6.37. ஒரு தோணி பக்கத்தில் நின்றது.

வந்ததை நான் பார்க்கவில்லை. துடுப்புச் சத்தம் கேட்கவில்லை. ஏதோ யோசனையில் இருந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு பெண், தனியாக. முகத்தில் மாவு கனமாகப் பூசியிருந்தாள். தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது... சொட்... சொட்... அன்று மழை இல்லை. முந்தின நாளும் இல்லை.

தூரத்தில் ஒரு பெரிய படகு போனது. அதன் அலை வந்து எங்கள் படகைத் தூக்கிப் போட்டது. அவள் தோணி அசையவில்லை.

இதையெல்லாம் பார்த்தேன். பார்த்தும் உறைக்கவில்லை. ஏனென்றால் அவள் கூடையில் கஸ்தூரி மாம்பழம் இருந்தது. சின்னச் சின்னதாக, கறுத்த ஊதா நிறத்தில். அந்த வாசனை வந்ததும் எனக்கு வாய் ஊறிவிட்டது. டிசம்பருக்கு முன் அது காய்ப்பதில்லை. ஜூலையில் எப்படி என்று கேட்கத் தோன்றவே இல்லை. சரியான தின்னிப் பண்டாரம் நான்.

"எவ்வளவு?"

"காசு வேணாம். மாத்திக்கலாம்."

"என்ன குடுக்கணும்?"

"உன்கிட்ட இருக்கிறது."

வாழைப்பழச் சீப்பைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். வலது கையால் எடுத்து நீட்டினேன். இடது கை நதீபாவின் வயிற்றைச் சுற்றி இருந்தது. அந்தப் பெண் மூன்று மாம்பழங்களை என் மடியோரம் வைத்தாள். பிறகு பேசாமல் என்னையே பார்த்தாள். காத்திருந்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எத்தனை ஆயிரம் முறை பார்த்த பார்வை. யோசிக்கும் முன் வாய் முந்திக்கொண்டது.

"வித்தாச்சு" என்றேன்.

"வாங்கியாச்சு."

குரல் அவள் வாயிலிருந்து வந்த மாதிரி இல்லை... கீழே, தண்ணீர்ப் பக்கத்திலிருந்து வந்தது.

வாழைப்பழம் இன்னும் என் கையிலேயே இருந்தது. அவள் வாங்கவில்லை.

எங்கள் பெண்கள் வியாபாரம் முடியும்வரை படகு விளிம்பைப் பிடித்துக்கொள்வார்கள். அவள் கை விளிம்பில் இல்லை.

அவள் கை நதீபாவின் இடது கணுக்காலில் இருந்தது.

பிள்ளையை வெடுக்கென்று இழுத்தேன். அவள் உடனே விட்டுவிட்டாள். பிடித்து இழுக்கவில்லை. சண்டை போடவில்லை.  வாங்க வேண்டியதை வாங்கிவிட்டவள் மாதிரி இருந்தாள்.

தோணி பின்னால் போனது. துடுப்பு இல்லாமல்.

6.39.

நதீபா அழவில்லை. கணுக்காலில் ஐந்து விரல் தடம், ஈரமாக. இடது செருப்பைக் காணவில்லை.

"நதீபா."

திரும்பவில்லை.

"நதீபா... தங்கம்..."

பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டேன். திரும்பினாள். சிரித்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேனே, அந்தச் சிரிப்பு.

"எங்கம்மா எப்ப வருவாங்க?" என்றாள்.

நான் அலறியதில் ஹெந்த்ரோ கூரையிலிருந்து விழப் பார்த்தார். ஜுஹ்ரி ஓடிவந்தான். என் மடியோரம் இருந்த பழங்களைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. மூன்றையும் அள்ளி ஆற்றில் எறிந்தான். மாம்பழம் விழுந்தால் தண்ணீர் தெறிக்க வேண்டும். இவை ஒரு துளிகூடத் தெறிக்காமல் மூழ்கின. ஹம்சியா சித்தி தோணியை வலித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"சொல்றப்ப கையில என்னடி இருந்துச்சு?"

குனிந்து நதீபாவைப் பார்த்தேன்.

"நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "உன் பக்கத்துல தோணியே இல்ல. நீ பாட்டுக்கு வாழைப்பழத்தைத் தண்ணிக்கு நீட்டிட்டு இருந்தே."

"இதுக்கு என்ன பண்றது சித்தி? சொல்லு. என்ன பண்றது?"

"வாங்கினவளே 'திருப்பியாச்சு'ன்னு சொல்லணும். வேற யார் சொன்னாலும் செல்லாது." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஹெந்த்ரோவுக்கு எரிச்சல். பயத்தில் பிள்ளை ஏதோ உளறுகிறது, நீங்கள் ஊரே சேர்ந்து அவளை மிரட்டுகிறீர்கள் என்றார். ஓட்டலுக்கு வந்தோம். நதீபா சாப்பிட்டாள். டிவி பார்த்தாள். குளியலறைப் பக்கமே போகாத பிள்ளை நடந்த இடமெல்லாம் தரையில் ஈரத் தடம் இருந்தது. இடது கால் மட்டும். துடைக்கத் துடைக்க வந்தது.

மறுநாள் 5.25க்கு ஜுஹ்ரியோடு தனியாகப் போனேன். யாரும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

மூன்றாம் நாள், 6.37க்கு, பனிக்குள் அந்தத் தொப்பி.

"ஓட்டுடா!"

ஜுஹ்ரி முறுக்கினான். இன்ஜின் கதறியது. கரையில் மரங்கள் பின்னால் ஓடின. தொப்பி அதே தூரத்தில் இருந்தது.

"திருப்பிக் குடு... தெரியாம சொல்லிட்டேன்... திருப்பிக் குடு..."

 சங்கிலியைக் கழற்றி நீட்டினேன். வளையலைக் கழற்றினேன். கடைசியில் வெறுங்கையை என் நெஞ்சில் வைத்துக்கொண்டேன்.

"என்னை எடுத்துக்க. வித்தாச்சு. கேக்குதா? வித்தாச்சு. வித்தாச்சு..."

எத்தனை முறை கத்தினேன் என்று தெரியாது. "வாங்கியாச்சு" என்று அவள் சொல்லவேயில்லை. வாங்குகிறவள் சொல்லாவிட்டால் விற்க முடியாது.

7.05க்கு வெயில் ஏறியது. ஆற்றில் எதுவும் இல்லை.

சுரபாயாவுக்குத் திரும்பினோம். டாக்டர்களைப் பார்த்தோம். கால் நன்றாக இருக்கிறது என்றார்கள். கூப்பிட்டால் திரும்புவதில்லையே என்று காதைப் பரிசோதித்தார்கள். பக்கத்து அறையில் ஊசி விழுந்தால்கூட அவளுக்குக் கேட்கிறது. பெயரைக் கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டாள். தோளைத் தொட வேண்டும்.

இப்போது ஏழு வயது. பள்ளியில் நல்ல பெயர். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். நான் சொல்லிக் கொடுத்தேன். இது நாற்காலி, இது ஜன்னல், இது அம்மா.

"பொண்ணு கண்ணு முன்னால இருக்கா. சாப்பிடுறா, படிக்கிறா. இன்னும் உனக்கு என்னதான் வேணும்?" என்பார் ஹெந்த்ரோ. அவர் கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை.  வலது செருப்பு மட்டும் என் அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. அவருக்குத் தெரியாது.

போன மாதம் பதினான்காம் தேதி. காலை 5.55. போன் அடித்தது. பஞ்சர்மாசினில் அப்போது 6.55, அங்கே ஒரு மணி நேரம் கூடுதல்.

ஹம்சியா சித்தி. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அவள் என்னைக் கூப்பிட்டதில்லை.

"தூங்குறியாடி?"

"இல்ல. சொல்லு."

"மஸ்துரா... நான் சொல்லலாமா வேணாமான்னு ஒரு வாரமா யோசிச்சேன்."

பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவள் தோணியிலிருந்தே பேசினாள்.

"அந்தத் தொப்பிக்காரிய இப்ப நாங்களும் பாக்குறோம். பனி இருக்கிற நாள்ல மட்டும். தோணியில ஒரு பொண்ணு கூட உக்காந்திருக்கு. துடுப்பு போடக் கத்துக் குடுக்குறா."

 என் கட்டிலுக்கு எதிரே நதீபா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியாது. காலடியில் தரை ஈரம்.

"எத்தனை வயசு இருக்கும் சித்தி?"

"ஏழு இருக்கும்."

எதிரே நின்ற நதீபாவின் காலைப் பார்த்தேன்.

"ஒத்தைக் கால்ல செருப்பு. மஞ்சள். இடது கால்ல. கால் வளந்துடுச்சுடி, குதிகால் வெளிய நிக்குது... ஆனா கழட்ட மாட்டேங்குது."

"நதீபா" என்றேன். போனில் இல்லை. எதிரே நின்றவளைப் பார்த்து, சத்தமாக.

அவள் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

 போனில் சித்தியின் குரல் உடைந்திருந்தது.

"இன்னிக்குக் கிட்ட வந்துச்சு. நானும் சும்மா கூப்பிட்டுப் பாத்தேன்... நதீபான்னு."

"சித்தி..."

"திரும்பிப் பாத்துச்சுடி."