மை ஹோம்டவுன் ஈஸ் காங்கேயம்

என் மனைவி வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வுக்குப் படித்த நாட்களில், வீட்டில் நான்தான் எக்ஸாமினர். அவள் திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நான் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நாள் முழுக்க வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அனுப்புகிறவனுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும் என்று அவள் நம்பினாள். துணியின் ஷேட் மாறிவிட்டது, சரக்கு தாமதமாகும், மன்னிக்கவும். இந்த மூன்றையும் விதவிதமாக எழுதத் தெரியும், அவ்வளவுதான். அவளுடைய இங்கிலீஷும் பிரஷர், பல்ஸ், எத்தனை பாட்டில் ட்ரிப் ஏறியது என்று டாக்டரிடம் ஒப்பிக்கும் அளவுக்கானது. இரண்டு பேரும் சேர்ந்து சமாளித்துவிடலாம் என்று ஆரம்பித்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு செல்போன் கடையின் மாடியில் வகுப்பு நடந்தது. தேர்வில் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்பார், அநேகமாகச் சொந்த ஊரில்தான் ஆரம்பிப்பார் என்று வகுப்பெடுத்தவர் சொல்லியிருந்தார். பதிலையும் அவரே அச்சடித்துக் கொடுத்திருந்தார். என் ஊர் அமைதியானது, பசுமையானது, மக்கள் அன்பானவர்கள், பேருந்து வசதி உண்டு. ஊர்ப் பெயருக்கு மட்டும் ஒரு கோடு விட்டிருந்தது.

"எந்த ஊரச் சொல்லட்டுங்க?" என்று கேட்டாள்.

"திருப்பூரச் சொல்லு. காட்டன், எக்ஸ்போர்ட், காதர்பேட்டை மொத்த வியாபாரம், வார்த்தையெல்லாம் நான் தாரேன்."

"சரிங்க" என்றாள்.

எனக்கு அது சுலபமாகத் தோன்றியது. என் அப்பா, அம்மா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து டெய்லர் வேலைக்கு இங்கே வந்தபோது நான் கைக்குழந்தை. அவர்களுக்கு இன்றைக்கும் ஊர் என்றால் அங்கேதான். எனக்கு திருப்பூர்தான். அவளுக்குக் காங்கேயம். திருப்பூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் அங்கே போனதில்லை.

தையல் ஊசி விரலில் ஏறிய ஒரு பெண்ணை எங்கள் கம்பெனியிலிருந்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனபோதுதான் அவளை முதலில் பார்த்தேன். கட்டுப் பிரிக்க, ஊசி போட என்று அந்தப் பெண்ணுக்குத் துணையாகப் போய்ப் போய் இவளோடு பழக்கமானது. அவள் வீட்டார் காங்கேயத்தில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். நாங்கள் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். சாதி வேறு, போதாததற்கு நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். விஷயம் தெரிந்த அன்று அவள் அப்பா சத்தம் போடவில்லை, திட்டவில்லை. "உங்க விருப்பமுங்க" என்று பெற்ற மகளிடமே மரியாதையாகச் சொன்னாராம். அதன் பிறகு பேச்சே இல்லை. அவள் அம்மா மட்டும் பொங்கல், தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டு, "நல்லா இருக்கறியா கண்ணு" என்று கேட்டு உடனே வைத்துவிடுவார். எங்களுக்கு மகள் பிறந்த செய்தியும் அப்படித்தான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது.

காலை டியூட்டி முடிந்து அவள் வந்ததும் மொட்டை மாடிக்குப் போவோம். மகள் கீழே என் அம்மாவிடம் இருப்பாள். பக்கத்துத் தெருவில் துணி பின்னும் நிட்டிங் யூனிட் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, எங்கள் ஊர் மிகவும் அமைதியானது என்று அவள் இங்கிலீஷில் சொல்வாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

ஒரு வாரம் போல இப்படியே திருப்பூரை ஒப்பித்தாள். பிழை அதிகமில்லை. ஆனால் கேட்க மெயில் மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன்.

"மறுக்காக் கேளுங்க" என்றாள்.

கேட்டேன்.

"மை ஹோம்டவுன் ஈஸ் காங்கேயம்" என்று ஆரம்பித்தாள்.

நான் போனில் நேரம் வைத்துவிட்டு அவளையே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துப் பேசினாள். எங்கள் ஊரில் நிறைய எண்ணெய் மில் இருக்கிறது. களம் முழுவதும் தேங்காய் காய்கிறது. மழை வந்தால் எல்லோரும் ஓடுகிறார்கள். என் அப்பா மில்லில் எடை போடுகிறார். வீட்டுக்கு வந்தால் அவர் சட்டையில் எண்ணெய் வாசம் அடிக்கிறது. எங்களிடம் ஒரு மாடு இருக்கிறது. நான் ஸ்கூல் விட்டு வருகிறேன், அது தூரத்திலேயே தலையைத் தூக்குகிறது.

எல்லாமே நிகழ்காலத்தில் வந்தது. நடந்து முடிந்ததைச் சொல்லும்போது வினைச்சொல்லை மாற்ற வேண்டும், அதற்குத்தான் மார்க் குறைகிறது என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருந்தார்கள். எக்ஸாமினராக நான் திருத்தியிருக்க வேண்டும். கையிலிருந்த பேனாவை மூடிவிட்டேன். தமிழில் அவள் வீட்டைப் பற்றி என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை.

அடுத்த கேள்வி தாளில் இருந்தது. அங்கே எத்தனை நாளைக்கு ஒருமுறை போவீர்கள்? கேட்காமல் தாண்டிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவளே எட்டித் தாளைப் படித்துவிட்டாள்.

"நான் போவதில்லை. அவர்கள் கூப்பிடுவதில்லை" என்று இங்கிலீஷில் சொன்னாள். உடனே தமிழில், "இது சரிங்களா? கிராமர்?" என்று கேட்டாள்.

"சரிதான்" என்றேன்.

அன்றைக்கு அதற்கு மேல் பயிற்சி செய்யவில்லை. இறங்கும்போது, "ஒருநாள் போயிட்டு வருவமா?" என்று கேட்டேன். "கூப்புடாம எப்புடிப் போறதுங்க" என்றாள்.

தேர்வு கோயம்புத்தூரில் நடந்தது. நான் எதிரே ஒரு பேக்கரியில் உட்கார்ந்திருந்தேன். மதியம் வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்த பிறகுதான் பேசினாள்.

"ஒரு அம்மாதானுங்க கேட்டாங்க. ஊரத்தான் மொதல்ல கேட்டாங்க."

"திருப்பூர் சொன்னியா?"

"வாய்ல காங்கேயம்னுதானுங்க வந்துச்சு. இப்ப இருக்கற எடத்துல இருந்து தூரமான்னாங்க. ஒரு மணி நேரம்னேன். அப்ப அடிக்கடி போவீங்களான்னாங்க."

"என்ன சொன்ன?"

"வாராவாரம் போறேன்னு சொல்லிப்போட்டேனுங்க." டம்ளரைக் கீழே வைத்தாள். "பேசறதெல்லாம் ரெக்கார்டு ஆவுதாமுங்க."

ரெக்கார்டைக் கேட்டு யாரும் காங்கேயத்துக்கு விசாரிக்க வரமாட்டார்கள் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. திருப்பூர் வரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே இருந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நின்றுவிட்டாள்.

"போலாமுங்களா?" என்றாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. காங்கேயம் பஸ் புறப்படத் தயாராக நின்றது.

தெருவில் நுழைந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அவள் அம்மாதான் முதலில் பார்த்தார். கையில் இருந்த குடத்தை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிவந்து, "வா கண்ணு, வா" என்று மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சத்தம் கேட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்து அவள் அப்பா வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் வைக்கோல். எங்களைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வாங்க. உக்காருங்க" என்றார் என்னிடம்.

அந்த ஊர்க்காரர்கள் கோபத்திலும் 'ங்க'வை விடுவதில்லை. அதனால் வரவேற்கிறாரா, தள்ளி நிறுத்துகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

"பாப்பாவக் கூட்டிட்டு வரலீங்களா?" என்று கேட்டார்.

"அம்மாட்ட விட்டுட்டு வந்திருக்கோம்" என்றேன். மாமியார் டீ கொண்டுவந்தார். அப்பா வைக்கோலைக் கீழே போடாமல் தூணில் சாய்ந்து நின்றார். மனைவியே ஆரம்பித்தாள்.

"பரிச்ச எழுதிப்போட்டு வர்றேனுங்கப்பா. கோயமுத்தூர்ல."

"என்ன பரிச்ச?"

"இங்கிலீசு பேசறதுங்க. வெளிநாட்டுல நர்சு வேலைக்கு."

"என்ன கேட்டாங்க?"

"நம்மூரப் பத்திக் கேட்டாங்க."

அவர் வைக்கோலை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "என்னன்னு சொன்ன?"

மொட்டை மாடியில் இங்கிலீஷில் சொன்னதையெல்லாம் அவள் தமிழில் சொன்னாள். களத்தைச் சொன்னாள், மழைக்கு ஓடுவதைச் சொன்னாள், எடை போடுவதைச் சொன்னாள். சட்டையில் எண்ணெய் வாசம் என்றபோது அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். மாட்டைப் பற்றிச் சொல்லும்போது அவள் கொட்டகைப் பக்கம் திரும்பினாள்.

"அரிசி மில்லுச் சொல்லலையா?" என்றார்.

"இல்லீங்க."

"எத்தன அரிசி மில்லு இருக்குது. அதயும் சொல்லியிருக்கோணும்."

"நேரம் பத்தலீங்கப்பா. அடிக்கடி ஊருக்குப் போவீங்களான்னு அந்தம்மா கேட்டுப்போட்டாங்க."

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "அதுக்கென்ன சொன்ன?" என்றார் அப்பா.

"வாராவாரம் போறேன்னு சொன்னேனுங்க."

அவர் தூணை விட்டு நிமிர்ந்தார். பிறகு, "சொல்லிப்போட்டயல்ல. அப்பறம் வராம இருந்தீன்னா பொய்யாப் போயிரும் கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார். அவள் எழுந்து பின்னாலேயே போனாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் மாமியாரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். டீ ஆறிவிட்டது. அவர் இன்னொரு டீ போட்டுக் கொடுத்தார்.

ரிசல்ட்டில் பேச்சுக்குத் தேவையான மதிப்பெண் வந்துவிட்டது. எழுத்தில் அரைப் புள்ளி குறைந்தது. சோர்ந்து போனவளை மறுபடி எழுதவைக்கப் பாடுபட வேண்டியிருந்தது. அடுத்த முறை அதுவும் கிடைத்தது. போன குளிர்காலத்திலிருந்து அவள் இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில் இருக்கிறாள். எனக்கும் மகளுக்கும் விசா வர வேண்டும்.

என் மாமனார் திடீரென்று மாறிவிடவில்லை. சொந்தக்காரர் விசேஷங்களுக்கு எங்களைக் கூப்பிடுவதில்லை. நாங்கள் இருக்கும்போது யாராவது வந்தால் என்னை யாரென்று சொல்லாமல் பேச்சை மாற்றிவிடுவார். அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஞாயிறுதோறும் மகளைக் கூட்டிக்கொண்டு காங்கேயம் போகிறேன். அவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். திரும்பி வரும்போது இரண்டு பேர் காலிலும் சேறு இருக்கும்.

போன வாரம் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். வழக்கமாக வாசலோடு நின்றுவிடுகிறவர் தெருமுனை வரை கூட வந்தார். மகள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"விசா வந்துருச்சுங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் வரலைங்க. ரெண்டு மாசம் ஆகலாம்னு சொல்றாங்க."

"வரட்டுங்க" என்றார். கொஞ்சதூரம் நடந்த பிறகு, "மெதுவா வரட்டுங்க" என்றார்.