கூரையைத் தூக்காத ஹைங்கு

ஹைங்கு கோபக்காரி என்று சொன்னால் பிரான்ஸில் செந்த்-எத்தியேன் நகரத்துக் கட்டடக்கலைப் பள்ளியில் யாரும் நம்ப மாட்டார்கள். அங்கே அவளுக்குப் பெயரே 'சிரிச்ச முகம்'. டிராமில் எவனாவது அவள் காலை மிதித்தால் மன்னிப்புக் கேட்பதும் அவள்தான். நான் சொல்கிறேன், எங்கள் மடகாஸ்கர்க்காரர்களின் சிரிப்பை நம்பி யாரும் மோசம் போகாதீர்கள். உள்ளே திகுதிகு என்று எரியும்போதுதான் நாங்கள் அதிகமாகப் பல்லைக் காட்டுவோம்.

அவளுடைய அப்பாவுக்கு ஊரில், அன்சிராபேயில், கைரிக்‌ஷா பழுதுபார்க்கும் கடை. மரச்சட்டத்தை அறுத்து இழைத்து ஒட்டிப் பழகிய கையோடுதான் அவள் உதவித்தொகையில் பிரான்ஸுக்கு வந்தாள். இங்கே மேட்டுத்தெருவில் ஓர் அறை. கூட இருப்பவள் மியாலி, எங்கள் ஊர்க்காரி, நர்ஸ் படிப்பு. வயதிலும் மூத்தவள், வாயிலும் மூத்தவள். இரண்டு பேருக்கும் முடிந்தவரை மூன்று வேளையும் சோறு வேண்டும். பானையடியில் பிடித்த காந்தலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் குடித்தால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். மற்றபடி காலையில் டிராம், மத்தியானம் கேன்டீனில் உப்புச் சப்பில்லாத பீன்ஸ், குளிர்காலம் முழுக்க ஹீட்டர் மேல் காயாத துணி. வெளிநாட்டுப் படிப்பு என்றால் அந்த இரும்புக் கோபுரத்தடியில் நின்று போட்டோ எடுப்பது என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும், நன்றாக நினைக்கட்டும்.

அந்தக் காயாத துணியிலிருந்துதான் விஷயம் ஆரம்பித்தது. பள்ளியில் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு கட்டடத்தை வடிவமைக்க வேண்டும், நடுவர்கள் முன்னால் அதை விளக்க வேண்டும். ஹைங்குவுக்குக் கூட்டாளிகள் லிசோன், மக்சான்ஸ். இவர்களுக்குக் கிடைத்தது ஆற்றோரத்தில் பாழடைந்து கிடந்த பழைய சலவைக் கொட்டகை. அதைத் தெருக்காரர்கள் கூடும் இடமாக மாற்ற வேண்டும். மழையில் நனைந்துகொண்டு போய் அளந்தவள் ஹைங்கு. அந்தத் தெருவில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஈரத்துணி தொங்குவதைப் பார்த்தவளும் அவள்தான். கொட்டகைக்கு உயரமான கூரை போட்டு, அதற்குக் கீழே கொடி கட்டிவிட்டால் மழைநாளிலும் துணி காயும், அதைச் சாக்காக வைத்து ஜனங்களும் வந்து உட்காருவார்கள் என்றாள்.

"துணியா? அசிங்கமா இருக்கும்பா" என்றான் மக்சான்ஸ். அவனுக்கு அங்கே காபிக்கடை வைக்க ஆசை. ஹைங்கு வாதாடவில்லை. பால்சா என்ற லேசான மரத்தை அறுத்துத் தனியாகக் கழற்றி எடுக்கிற கூரையோடு மாடலைச் செய்தாள், தீக்குச்சி கனத்தில் கொடிகூடக் கட்டினாள். ஆசிரியர் பார்த்து அசந்துபோனார். அன்றிலிருந்து மக்சான்ஸுக்குத் துணி அழகாகிவிட்டது.

விளக்கம் சொல்லும் நாளுக்கு முந்தைய நாள். கேன்டீனில் லிசோன் அவள் தோளில் கை போட்டாள்.

"ஹைங்கு, நீ எதுக்குக் கஷ்டப்படுற? நடுவருங்க வேகமா கேள்வி கேப்பாங்க. நீ பேசுறது அவங்களுக்குப் புரியலன்னா மூணு பேருக்குமே மார்க் போயிடும். நாங்க ரெண்டு பேரும் பேசிடுறோம். நான் கை காட்டும்போது நீ கூரையத் தூக்கிக் காட்டு, போதும். சரியா?"

ஹைங்கு சிரித்தாள். "பரவால்ல" என்றாள்.

அவ்வளவுதான், லிசோன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அடிப்பாவி! இன்னொரு தடவை கேட்க வேண்டாமா? எங்கள் ஊரில் முதல் தடவை கேட்டதும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை, அது மரியாதை கிடையாது. 'பரவாயில்லை' என்போம். அது சம்மதம் இல்லை என்று கேட்டவருக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்ப்பார், மறுபடி கேட்பார். மூன்றாம் தடவைதான் மனசில் இருப்பது வெளியே வரும். சோறு போடுவதற்கும் அதுதான் வழக்கம், பெண் கேட்பதற்கும் அதுதான் வழக்கம். லிசோன் ஒரு தடவை கேட்டாள், பதிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

பேசாவிட்டால் என்ன ஆகும் என்று ஹைங்குவுக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் ஒரு வியட்நாம் பையன் தன் மாடலுக்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றான். வேலை செய்யாதவன் என்று எழுதி அவனை அதே வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்கள். ஹைங்கு ஒரு வருஷம் தங்கினால் உதவித்தொகை நின்றுபோகும். அப்புறம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அறைக்கு வந்து அரிசி களைந்தாள். களைந்த வேகத்தில் பாதி அரிசி தொட்டிக்குள் போயிற்று. மியாலி விஷயத்தைக் கறந்துவிட்டு ஆடினாள்.

"நீ ஏண்டி பரவால்லன்னு சொன்ன?"

"திரும்பக் கேப்பான்னு நெனச்சேங்க்கா."

"கேப்பா, கேப்பா! இந்த ஊர்ல ரெண்டாந்தடவ கேக்குறது டிக்கெட் பரிசோதகர் மட்டும்தான். குட்டக் குட்டக் குனியிறவளும் முட்டாள்தான்டி. நாளைக்கு வாயத் தொற, இல்லன்னா பெட்டிய எடுத்து வை. ரெண்டுல ஒண்ணு."

"எப்படிக்கா தொறக்குறது? சரின்னு வேற சொல்லிட்டேனே."

"எனக்கென்ன தெரியும்? நான் ஊசி போடுறவ."

மறுநாள் நான்கு நடுவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். லிசோன் பேசினாள், நாங்க அளந்தோம், நாங்க யோசிச்சோம் என்று. ஹைங்கு மாடலுக்குப் பக்கத்தில், கல்யாண வீட்டு வாசலில் நிறுத்திய பொம்மை மாதிரி நின்றாள், சிரித்த முகத்தோடு. ஹைங்குவின் பெயரைக்கூட லிசோன் சொல்லவில்லை. மறந்திருக்கலாம். மறதியும் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சாய்கிறது. அப்புறம் மக்சான்ஸ் தொண்டையைச் செருமினான்.

"ஒரு நாள் மழையில நான் அந்தத் தெருவழியா நடந்து போனேன். ஜன்னல் பூரா ஈரத்துணி. அப்பத்தான் எனக்குத் தோணிச்சு..."

நடந்தானாம், மழையிலாம்! மழை பெய்தால் படுக்கையை விட்டு எழுந்திருக்காதவன். ஹைங்கு இன்னும் அதிகமாகப் பல்லைக் காட்டினாள்.

லிசோன் கை காட்டினாள். "இப்ப உள்பக்கத்தப் பாக்கலாம். ஹைங்கு, கூரை."

ஹைங்கு இரண்டு கையையும் கூரைமேல் வைத்தாள். தூக்கவில்லை.

"ஹைங்கு? கூரையத் தூக்கறியா?"

கை அசையவில்லை. மக்சான்ஸ் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். லிசோன் பக்கத்தில் வந்தாள், முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "தூக்கு ஹைங்கு, ப்ளீஸ். என்னாச்சு உனக்கு?"

"மூணு தரம் கேட்டுட்ட" என்றாள் ஹைங்கு. "எங்க ஊர்ல மூணு தரம் கேட்டா உண்மையச் சொல்லணும். எனக்கு இது இஷ்டமில்ல. இந்தக் கூரைய அறுத்தவ நான், யோசிச்சவ நான், மழையில நடந்தவளும் நான். இதத் தூக்குனா நான்தான் பேசுவேன்."

மக்சான்ஸ் தரையைப் பார்த்தான்.

"அப்ப தூக்கிட்டுப் பேசுங்க" என்றார் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா.

தூக்கினாள், பேசினாள். பேச்சு தடுக்கியது, வார்த்தைகள் முன்னும் பின்னும் புரண்டன, புரியவில்லை என்று அந்த அம்மா நிறுத்தியபோது மறுபடி சொன்னாள். ஒரு நடுவர் கூரை காற்றில் பறந்துவிடும் என்றார். இன்னொருவர் படிக்கட்டு வைத்த இடம் மடத்தனம் என்றே சொல்லிவிட்டார். படிக்கட்டு மக்சான்ஸுடையது, ஆனால் ஹைங்கு அதற்கும் சேர்த்துச் சண்டை போட்டாள். அந்தப் பள்ளியில் இத்தனை நாளில் அவளிடம் யாரும் சண்டைக்கு நின்றதில்லை, எல்லோரும் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கூரையின் கனத்தைக் குறைக்க வேண்டும் என்ற கண்டிப்போடு மூன்று பேரையும் பாஸ் போட்டு அனுப்பினார்கள்.

வராந்தாவில் லிசோன் வழிமறித்தாள். கண் கலங்கியிருந்தது. "எங்கள அவமானப்படுத்திட்ட. நேத்து நீதானே பரவால்லன்னு சொன்ன? வேணாம்னு சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனே!"

பொய் சொல்லவில்லை அவள். விட்டிருப்பாள். அது தெரிந்தபோது ஹைங்குவுக்கு இன்னும் கோபம் வந்தது.

"நீ ஒரு தரம்தான் கேட்ட" என்றாள்.

லிசோன் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "சரி, விடு. எல்லாரும் பீர் குடிக்கப் போறோம். வர்றியா?"

"வரல."

பிறந்ததிலிருந்து எந்தக் கேள்விக்கும் முதல் தடவையே இப்படி அவள் பதில் சொன்னது கிடையாது. லிசோன் நகரவில்லை. அவள் முகத்தையே பார்த்தாள்.

"நெஜமாவே வரலியா?"

"வரல."

லிசோன் மறுபடி வாயைத் திறந்தாள்.

"கேக்காத" என்றாள் ஹைங்கு, கூரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே. "இனிமே மொதல் தரம் சொல்றதே நெஜம்தான்."