கட்டுத் துணியில் கருப்புக் குருணை

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வயலில் ஏதோ குத்தி ஆறு மாதமாக வலது பாதம் வீங்கிக் கிடந்தது. இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்து சீழ் வேறு. காரைக்குடி ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். புண்மேல் சுத்தமான துணி ஒன்றை வைத்துக் கட்டினார். யாரும் தொடக்கூடாது, மறுநாள் அப்படியே வரவேண்டும், சீழோடு கடுகு மாதிரிக் கருப்புக் குருணை வந்திருந்தால் எலும்புவரை பூசணம் இறங்கிவிட்டது என்று அர்த்தம், காலை எடுக்க வேண்டியதுதான் என்றார். அவிழ்ந்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு துணியும் கொடுத்தார்.

ஒற்றைக் காலோடு ஏர் பிடித்தவனை நான் பார்த்ததில்லை.

விடிந்ததும் பொறுக்கமாட்டாமல் கட்டை அவிழ்த்தேன். துணி முழுக்கக் கருப்புத் துகள். ஓவென்று அழுதேன். அழுது முடித்தபின் மூளை வேலை செய்தது. அந்தத் துணியை அடுப்பில் போட்டேன். எங்கள் செவலைக் காளைக்கு நுகத்தடி உரசிக் கழுத்தில் புண்; அதில் வெறும் சீழ்தான், கருப்பு இல்லை. மாற்றுத் துணியை அதில் நன்றாக ஒற்றியெடுத்து, என் காலில் கட்டிக்கொண்டு வண்டியேறினேன். நம்மை மிஞ்சிய கெட்டிக்காரன் ஜில்லாவிலேயே கிடையாது என்று வழியெல்லாம் நினைப்பு.

டாக்டர் துணியைப் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இடுக்கியால் எதையோ பிடித்துத் தூக்கினார்.

"ஏம்ப்பா, உங்காலுல செவலை முடி எப்ப முளைச்சுச்சு?"

கம்பவுண்டர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"காலை வெட்டிப்புடுவீகளோன்னு பயந்துட்டேன்யா" என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. இனி என்னை நம்பித் துணி கொடுத்தனுப்புவதாக இல்லை என்று சொல்லி, ஊசி போட்டு மரக்கவைத்து, பாதத்தைக் கீறி, ஆழத்திலிருந்து கொஞ்சம் சதையைத் தம் கையாலேயே எடுத்தார். கூடவே மக்கிப்போன முள் ஒன்றும் வந்தது. சதையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, குருணையும் இல்லை, பூசணமும் இல்லை, முள் போனதால் புண் தானே ஆறும் என்றார்.

அப்படியானால் துணியில் இருந்த கருப்பு என்ன? வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் கேட்டேன்.

"அது நான் வச்ச வசம்புக் கரிடா. நேத்து மத்தியானம் நீ அசந்து தூங்கயில கட்டைத் தளர்த்தி உள்ள வச்சேன். வெறுந் துணி புண்ண ஆத்துமா?"

வந்த கோபத்துக்கு அளவில்லை. திட்டத்தான் எழுந்து நின்றேன். இரண்டு காலும் தரையில் பட்டதும் அழுகைதான் வந்தது.