அப்பா பெயரில் ஒரு கடிதம்

அப்பா பெயரில் நான் எழுதிய நீல நிற இன்லாண்ட் கடிதம் ஒன்று, செவிலிமேட்டில் அண்ணன் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. கிழித்துப் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் அதைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் எனக்குத் தண்டனை.

கார்கில் சண்டை நடந்த சமயம். தறியில் உட்கார மாட்டேன் என்று அப்பாவை எதிர்த்துப் பட்டாளத்துக்குப் போன அண்ணன் அந்த மலையில் இருந்தான். பிள்ளையார்பாளையத்தில், நெஞ்சு வலியில் மூன்று நாள் கிடந்து அப்பா இறந்துபோனார். காரியம் முடிந்த மறுநாள் அண்ணனின் கடிதம் வந்தது. உங்களை மீறி வந்துவிட்டேன், மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்கள் அப்பா, என்று கேட்டிருந்தான்.

அப்பாவுக்கு எழுதத் தெரியாது. வீட்டுக் கடிதமெல்லாம் என் கையெழுத்துதான்.

"சாவு சேதியெல்லாம் எழுதாதமா. துப்பாக்கி புடிச்சிக்கினு நிக்கிறவன், மனசு ஒடிஞ்சிடுவான். அப்பா நல்லா இருக்குறாரு, மன்னிச்சிட்டாருன்னு எழுது" என்றாள் அம்மா. அப்பாவே சொல்லச் சொல்ல எழுதியதுபோல் எழுதினேன். அதோடு விட்டேனா? நம்பும்படி இருக்கட்டும் என்று, அப்பா இப்போது கோர்வைச் சேலை நெய்கிறார் என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

கோர்வைக்கு ஓர் ஆள் போதாது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம்; கரைக்கான நூலை ஊடே ஓட்டும் நாடாவைத் தள்ள, நெய்பவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இடம் அண்ணனுடையது. அவன் போன பிறகு அப்பா அங்கே யாரையும் உட்கார விடவில்லை, கோர்வையையே விட்டுவிட்டார். அதை அவனுக்கு முன்பே எழுதியிருந்தவளும் நான்தான். புத்தி எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

சண்டை முடிந்து வந்தவன் மாலை போட்ட படத்தைப் பார்த்து அதிரவில்லை. "கோர்வைன்னு படிச்சப்பவே தெரிஞ்சிபோச்சு. உயிரோட இருந்தா என் இடத்துல வேற ஆள உக்கார வெச்சிருப்பாரா?" என்றான். யாரிடமும் சொல்லாமல் மலைமேல் தனியாக அழுதிருக்கிறான். அவன் அழக்கூடாது என்றுதான் நாங்கள் அவ்வளவும் செய்தோம்.

பிறகு என்னைப் பார்த்து, "மன்னிப்பு என்ன உன்னுதா, நீ எடுத்துக் குடுக்க?" என்று கேட்டான்.

இறந்த அன்று காலை அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் மேல எனக்குக் கோவம் இல்லமா, எழுதிடு" என்றார். அதைச் சொன்னேன். சத்தியம் செய்தேன். அம்மாவும் சொன்னாள். "இதுவும் ரெண்டு பேரும் பேசி வெச்சதுதானே" என்று எழுந்து போய்விட்டான். அந்தக் கடிதத்தில் அது ஒன்றுதான் உண்மை. இன்றுவரை அவன் நம்பாததும் அதைத்தான்.