அழுத்தினால் ஆம்

பந்திங் ஊரில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் உண்டு. அதன் அடியில் லோரிக்குள் உட்கார்ந்து, மடிக்கணினியில் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மதியம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. வெயில் அடித்தவரை திரையில் பதினாறு புள்ளிகள் பளிச்சென்று நின்றன. வானொலி அலையின் உயரத்தையும் அது தொடங்கும் இடத்தையும் மாற்றி மாற்றி, அப்படிப் பிறக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒன்றும் சுழியமுமாக நான்கு இலக்கங்களை அனுப்பினோம். மழை பிடித்ததும் புள்ளிகள் கலங்கி, எது எதுவென்றே தெரியவில்லை. என்னோடு வேலை பார்த்த கூட்டாளி அலட்டிக்கொள்ளாமல் இரண்டே புள்ளிக்கு இறக்கினான். "மழையில வளவளன்னு பேசாதடா. கொஞ்சமா பேசு, தெளிவா பேசு லா," என்றான். வேகம் படுத்துவிட்டது, தகவல் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தது.

அவனுக்கு ஆகாத முறை ஒன்று உண்டு. ஒன்று என்றால் அலையை அனுப்புவது, சுழியம் என்றால் எதையும் அனுப்பாமல் இருப்பது. "சும்மா இருந்தா அது சீரோவா, இல்ல லைனே செத்துப்போச்சா? எவனுக்குத் தெரியும்?" என்று சண்டைக்கு வருவான். இரண்டுக்கும் இரண்டு விதமான அலை வேண்டும் என்பான்.

இப்போது பக்கவாதம் அவனைக் கட்டிலில் போட்டுவிட்டது. பேச்சு இல்லை, பார்வையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. வலது கை விரல்களில் மட்டும் எப்போதாவது ஓர் அசைவு. கிள்ளானில் உள்ள வீட்டில் அவன் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார். அழுத்தினால் ஆம், அழுத்தாவிட்டால் இல்லை. "வலிக்குதாங்க?" என்பார். கை அசையாது. "வலி இல்லையாம் தம்பி," என்று என்னிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் துணி காயப்போடப் போவார்.

அந்த நிம்மதி எனக்குப் பயமாக இருந்தது. வலியில் துடித்துக்கொண்டே அழுத்த முடியாமல் கிடக்கிறானோ? போன வாரம் வாயைத் திறந்துவிட்டேன். "அண்ணி, இல்லன்னா ரெண்டு தடவ அழுத்தச் சொல்லுங்க. அப்பதான் உண்மையாவே இல்லன்னு தெரியும்."

"நல்ல ஐடியா லா தம்பி!" அவன் காதருகே குனிந்து, பொறுமையாக விளக்கினார். பிறகு வலிக்கிறதா என்று கேட்டார். கை ஒரு முறையும் அழுத்தவில்லை, இரண்டு முறையும் அழுத்தவில்லை. "நான் யாருன்னு தெரியுதாங்க?" என்று மாற்றிக் கேட்டார். விரல்கள் அவர் உள்ளங்கையில் அப்படியே கிடந்தன.

"அப்போ இத்தன நாளா அவரு இல்லன்னு சொன்னதே இல்லையா?" என்றார். எனக்கு உயிரே வெறுத்துப் போயிற்று.

நேற்றும் போயிருந்தேன். அண்ணி அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவனிடம் எதுவும் கேட்கவில்லை.